ஆய்வேட்டுக்கு எந்த வழி? விளையாட்டு அறிவியல் கடைசி ஆண்டு மாணவர்களுக்கு ஓர் ஒப்பீடு

விளையாட்டு அறிவியல் இளநிலைப் படிப்பில் ஆய்வேடு தொடங்கும் சமயத்தில் ஜூனியர்கள் வந்து கேட்கிற கேள்வி ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். "8 வாரம் ஜம்ப் பயிற்சி கொடுத்து அளந்து பார்க்கலாமா, இல்லை கேள்வித்தாள் கொடுத்து முடித்துவிடலாமா?" தலைப்பு ஓரளவு மனதில் இருக்கிறது, ஆசையும் இருக்கிறது. எந்த முறையில் செய்வது என்பதில்தான் நாள் ஓடுகிறது. சிலர் ஆய்வகத்தில் நிற்கிற பெரிய கருவியைப் பார்த்து மயங்கி முடிவெடுக்கிறார்கள். சிலர் புள்ளியியலுக்குப் பயந்து முடிவெடுக்கிறார்கள். இரண்டுமே பிறகு கையைக் கடிக்கும்.

என் கதையும் அதுதான். 20 பேரை வைத்துப் பயிற்சி ஆய்வு ஒன்றைத் தொடங்கி, கடைசி அளவீட்டு நாளில் 11 பேருடன் நின்றேன். ஒருவருக்குக் கணுக்கால் சுளுக்கு, இரண்டு பேருக்கு அன்று தேர்வு, மற்றவர்கள் போனையே எடுக்கவில்லை. அதிலிருந்து யார் வந்து கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் ஆய்வில் ஒரு ஆள் எத்தனை தடவை வர வேண்டும்?

## எதை வைத்து எடை போடுவது

முதலில் அந்த வருகைக் கணக்கு. பங்கேற்பாளர் எண்ணிக்கையை எத்தனை முறை வர வேண்டும் என்பதோடு பெருக்கிப் பாருங்கள். 20 பேர், அதில் 10 பேருக்கு 8 வாரம், வாரத்துக்கு 2 நாள் பயிற்சி என்றால் பயிற்சிக்கு மட்டும் 160 வருகை. எல்லோருக்கும் ஒரு பழகும் நாள், முன் அளவீடு, பின் அளவீடு என்று இன்னொரு 60. மொத்தம் 220. அதே 20 பேரை ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை அளந்தால் 40. ஒவ்வொரு வருகையும் ஒரு மெசேஜ், ஒரு நினைவூட்டல், ஒரு "அண்ணா, இன்று வர முடியாது". உங்கள் நேரத்தின் விலை இதில்தான் இருக்கிறது.

அடுத்தது எண்ணிக்கை. எத்தனை பேர் வேண்டும் என்பதை வாயால் சொல்லாமல் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஜி-பவர் என்ற இலவச மென்பொருள் இதற்கென்றே இருக்கிறது. இரண்டு தனித்தனிக் குழுக்களை ஒப்பிட்டு, நடுத்தர அளவிலான வித்தியாசத்தை 80 சதவீத வாய்ப்போடு பிடிக்க வேண்டுமானால் குழுவுக்கு 64 பேர், மொத்தம் 128 பேர் கேட்கும். அதே நடுத்தர அளவை ஒரே ஆளிடம் இரண்டு நிலைகளில் அளந்தால் 34 பேர். 0.3 அளவிலான ஒட்டுறவை, அதாவது இரண்டு அளவுகள் சேர்ந்து ஏறி இறங்குவதைப் பிடிக்க ஏறக்குறைய 85 பேர். பார்த்ததும் பயப்பட வேண்டாம். இளநிலை ஆய்வேட்டில் இந்த எண்ணிக்கையை எட்டாதவர்களே அதிகம். எட்டவில்லை என்று தெரிந்தே எழுதுவதற்கும், தெரியாமல் எழுதிவிட்டு வாய்மொழித் தேர்வில் விழிப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

மூன்றாவது, நெறிமுறைக் குழுவின் அனுமதி. உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சின்கி பிரகடனம் 1964-இல் வந்தது. 2024-இல் கடைசியாகத் திருத்தினார்கள். மனிதரை வைத்துச் செய்யும் ஆய்வு எதுவும் அந்த வழியில்தான் நடக்கிறது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள், ஊசி, ரத்தம், வாய்வழி கொடுக்கும் பொருள், களைத்து விழும்வரை ஓட வைப்பது என ஒவ்வொன்றும் படிவத்தில் பக்கங்களைக் கூட்டும், வாரங்களையும் கூட்டும்.

நான்காவது, கருவியின் பிழை: நீங்கள் எதிர்பார்க்கும் மாற்றம் கருவியின் தடுமாற்றத்தைவிடப் பெரியதா? ஐந்தாவது, பாதியில் உடைந்துபோனால் கையில் என்ன மிஞ்சும்? இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

## ஒன்று: பயிற்சி கொடுத்து முன்னும் பின்னும் அளப்பது

விளையாட்டு அறிவியல் என்றதும் எல்லோர் மனதிலும் வருகிற ஆய்வு இதுதான். ஒரு குழுவுக்குப் பயிற்சி, இன்னொரு குழுவுக்கு வழக்கமான பயிற்சி மட்டும், இறுதியில் ஒப்பீடு.

செலவுகள் பல மறைவாக இருக்கின்றன. முதலாவது, கட்டுப்பாட்டுக் குழு இல்லாமல் செய்யும் ஆசை. "எல்லோருக்கும் பயிற்சி கொடுத்துவிட்டு முன், பின் பார்த்தால் போதாதா?" போதாது. முதல் நாள் சோதனையில் தடுமாறியவர் இரண்டாம் முறை அந்தச் சோதனைக்குப் பழகியிருப்பார். பயிற்சியே இல்லாவிட்டாலும் எண் கூடும். முதல் நாள் மிக மோசமாகச் செய்தவர்களை மட்டும் தேர்ந்தெடுத்தால் இன்னும் சிக்கல். அடுத்த முறை அவர்கள் சராசரியை நோக்கி வருவது இயற்கை. 19-ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சிஸ் கால்டன் உயரக் கணக்கில் கண்டு சொன்ன விஷயம் இது. அதை உங்கள் பயிற்சியின் வெற்றி என்று எழுதிவிடக் கூடாது.

இரண்டாவது, எண்ணிக்கை. குழுவுக்கு 10 பேர் வைத்துக்கொண்டு கடைசி அளவை மட்டும் ஒப்பிட்டால், 1.3 திட்டவிலக்க (சராசரியிலிருந்து ஆட்களின் எண்கள் எவ்வளவு சிதறுகின்றன என்ற கணக்கு) அளவுக்கு வித்தியாசம் இருந்தால்தான் 80 சதவீத வாய்ப்போடு பிடிபடும். புள்ளியியலில் பெயர்பெற்ற ஜேக்கப் கோஹென் வகுத்த அளவுகோலில் 0.8-ஏ பெரியது. எண்ணில் சொல்கிறேன். உங்கள் வாலிபால் வீரர்களின் ஜம்ப் உயரத்தில் ஆளுக்கு ஆள் திட்டவிலக்கம் 6 செ.மீ. என்று வையுங்கள். 1.3 என்றால் ஏறக்குறைய 8 செ.மீ. ஏற்கெனவே பயிற்சியில் இருக்கிற ஒருவருக்கு 8 வாரத்தில் கூடுதலாக 8 செ.மீ. கிடைத்தால் பயிற்சியாளரே வந்து உங்கள் காலில் விழுவார். முன் அளவைக் கணக்கில் சேர்த்துப் பகுப்பாய்வு செய்தால் இந்தத் தேவை கணிசமாகக் குறையும். அதைச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது உட்கார்ந்து சொல்லித்தர வழிகாட்டிக்கு நேரம் இருக்க வேண்டும்.

மூன்றாவது, வருகைப் பதிவு. 16 பயிற்சியில் 9-க்கு மட்டும் வந்தவரைச் சேர்ப்பதா, விடுவதா? இதை முன்கூட்டியே எழுதி வைக்காவிட்டால், முடிவு எப்படி வந்தால் நல்லது என்பதைப் பார்த்துத்தான் மனம் பதில் சொல்லும்.

எப்போது இதுவே சரி? நீங்களே ஓர் அணிக்குப் பயிற்சி கொடுப்பவராகவோ உதவியாளராகவோ இருந்து, அந்த 16 நாளும் அவர்கள் எப்படியும் மைதானத்துக்கு வரத்தான் போகிறார்கள் என்றால். அப்போது வருகைக் கணக்கு 220 என்று இருந்தாலும் அதை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை. அணியின் அட்டவணையே சுமக்கும். ஒரு எச்சரிக்கை: "சேராவிட்டால் டீமில் இடம் கிடைக்காதோ" என்று வீரர் நினைத்தால் அவர் தந்த சம்மதம் சம்மதமே அல்ல. நெறிமுறைக் குழு இதைக் கட்டாயம் கேட்கும். சம்மதப் படிவத்தை நீங்கள் கொடுக்காமல் அணியோடு சம்பந்தமில்லாத ஒருவரைக் கொடுக்கச் சொல்வது ஒரு வழி.

## இரண்டு: ஒரே ஆளை இரண்டு நிலைகளில் சோதிப்பது

காஃபீன் எடுத்தும் எடுக்காமலும் சைக்கிள் ஓட்டுவது, பாட்டு கேட்டும் கேட்காமலும் ஓடுவது, இரண்டு வகை வார்ம்-அப்புக்குப் பின் ஸ்பிரின்ட் எடுப்பது எல்லாம் இந்த வகை. ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு கணக்கிலிருந்து விலகிவிடுவதால் குறைந்த பேரே போதும். 15 பேர், பழகும் நாளோடு சேர்த்து 3 வருகை, மொத்தம் 45. ஆய்வகத்தில் ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்கிறவர்களுக்கு நான் கை காட்டுவது இதைத்தான்.

ஆனால் பொருளைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். காஃபீன் உடலில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 5 மணி நேரம். ஆகவே சில நாள் இடைவெளி விட்டால் முதல் நாளின் விளைவு இரண்டாம் நாளுக்கு ஒட்டாது. கிரியேட்டினை அதே வடிவத்தில் செய்ய முயன்றால் மாட்டிக்கொள்வீர்கள். அது தசையில் ஏறி நிற்கும்; பழைய அளவுக்குத் திரும்ப 4 முதல் 6 வாரம் ஆகும். இரண்டு நிலைகளுக்கு நடுவே அவ்வளவு நாள் விட்டால் அதற்குள் பருவமே மாறிவிடும், வீரரின் உடல்தகுதியும் மாறிவிடும்.

மறைந்திருக்கும் செலவுகள்: எது உண்மை, எது போலி என்று பங்கேற்பாளருக்குத் தெரியாமல் வைக்கும் மறைப்பு உண்மையிலேயே வேலை செய்ததா என்று பார்க்க, எது உண்மை மருந்து என்று நினைத்தீர்கள் எனச் சோதனைக்குப் பின் ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும். காஃபீன் கசக்கும், இதயம் படபடக்கும். பாதிப் பேர் கண்டுபிடித்துவிடுவார்கள். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியலிலிருந்து காஃபீன் 2004-இல் நீங்கியது உண்மைதான். ஆனால் போட்டி வீரருக்கு நீங்கள் கொடுக்கும் தூளில் வேறு ஏதாவது கலந்திருந்தால் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி இன்னும் நிற்கிறது. வரிசையையும் மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். எல்லோருக்கும் முதலில் போலி, பிறகு உண்மை என்று வைத்தால் பழக்கத்தின் பலனை மருந்தின் கணக்கில் எழுதிவிடுவீர்கள். வாய்வழிப் பொருள் எதுவும் வேண்டாம் என்று நினைத்தால் வார்ம்-அப், இசை, அறிவுரை சொல்லும் விதம் போன்ற தலைப்புகள் இருக்கின்றன. அனுமதியும் சீக்கிரம் வரும்.

ஒன்றைச் சொல்லாமல் போகக் கூடாது. "மாதவிடாய்ச் சுழற்சி குழப்பும்" என்று பெண்களை விட்டுவிடுவது ஒரு சோம்பேறிப் பழக்கம். விளையாட்டு மற்றும் உடற்பயிற்சி அறிவியலின் 5,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளை அலசி 2021-இல் வெளியான ஒரு கணக்கில் பங்கேற்பாளரில் 34 சதவீதமே பெண்கள். பெண்களை மட்டும் வைத்துச் செய்த ஆய்வுகள் 6 சதவீதம். எளிய கேள்வியாக இருந்தாலும் பெண் வீரர்களிடம் செய்தால் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

## மூன்று: ஒரே நாளில் அளப்பது, அல்லது கருவியையே சோதிப்பது

ஒரே நாளில் 40 பேரின் 20 மீட்டர் ஓட்டத்தையும் ஜம்ப் உயரத்தையும் அளந்து இரண்டுக்கும் தொடர்பு பார்ப்பது ஒரு வகை. வருகை 40-தான். காரணம் எது, விளைவு எது என்று இதில் சொல்ல முடியாது. "தாண்டும் திறன் கூடினால் வேகம் கூடும்" என்று முடிவுரையில் எழுதிவிட்டு மதிப்பெண் இழந்தவர்கள் ஏராளம்.

எனக்கு இதைவிடப் பிடித்தது நம்பகத்தன்மை ஆய்வு. யாரும் ஆசையாகத் தேர்ந்தெடுக்காத, ஆனால் பெரும்பாலானோர் முடித்துவிடக்கூடிய ஆய்வு. ஒரு கருவி, அல்லது ஒரு போன் செயலி, ஒரே ஆளிடம் இரண்டு நாளும் ஒரே பதிலைத் தருகிறதா என்று பார்ப்பது.

ஒரு உதாரணம். ஜம்ப் உயரத்தைப் பறந்த நேரத்திலிருந்து கணக்கிடலாம்: நேரத்தின் வர்க்கத்தை 9.81-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்தால் மீட்டரில் உயரம். அரை வினாடி பறந்தவர் 30.7 செ.மீ. தாண்டியிருக்கிறார். இதைப் போனில் படமெடுத்து, கால் தரையை விட்ட ஃபிரேமையும் திரும்பத் தொட்ட ஃபிரேமையும் குறிக்கிறீர்கள். வினாடிக்கு 240 ஃபிரேம் எடுக்கும் ஸ்லோ-மோஷன் என்றால், ஒரு ஃபிரேம் தவறினால் பிழை அரை செ.மீ. சாதாரண வீடியோவாக, வினாடிக்கு 30 ஃபிரேம் என்றால் அதே ஒரு ஃபிரேம் தவறு 4 செ.மீ.-க்கும் மேல்! 8 வாரப் பயிற்சியின் மொத்தப் பலனும் அந்த ஒரு ஃபிரேமுக்குள் காணாமல் போய்விடும். இன்னொன்று: தரையிறங்கும்போது ஒருவர் முழங்காலை மடக்கிக்கொண்டு வந்தால் பறந்த நேரம் நீண்டுவிடும், உயரம் பொய்யாகக் கூடும். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்க்கும்போது இது கண்ணில் படும். இவ்வளவையும் எழுதினாலே முறையியல் அத்தியாயம் உயிரோடு இருக்கும்.

ஸ்டாப்வாட்ச்சும் அப்படித்தான். தடகளத்தில் 100 மீட்டரில் கையால் ஸ்டாப்வாட்ச் அழுத்தி எடுத்த நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிட 0.24 வினாடி கூட்டும் வழக்கம் இருந்தது. அந்த நிலையான வித்தியாசம் பெரிய ஆபத்தில்லை. ஒரு முறை 0.1, மறு முறை 0.3 என்று கை தடுமாறுவதுதான் 20 மீட்டர் ஓட்டத்தில் ஆபத்து. ஓர் அணிக்குள் முதல் ஆளுக்கும் ஐந்தாவது ஆளுக்கும் உள்ள இடைவெளியே அவ்வளவுதான் இருக்கும்.

பகுப்பாய்வில் ஒரு குழி இருக்கிறது. இரண்டு கருவிகளை ஒப்பிட ஒட்டுறவு போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு செயலி எல்லோருக்கும் சரியாக 3 செ.மீ. கூட்டிச் சொன்னால் ஒட்டுறவு 1 என்று வரும். ஆனால் இரண்டும் ஒத்துப்போகவில்லை. புள்ளியியலாளர்கள் பிளாண்டும் ஆல்ட்மனும் 1986-இல் முன்வைத்த படம் இதற்காகத்தான்: வித்தியாசத்தை நிலைக்குத்தாகவும் சராசரியைக் கிடையாகவும் வைத்துப் பார்ப்பது. நம்பகத்தன்மையைச் சொல்லும் ஐசிசி (இன்ட்ராகிளாஸ் ஒட்டுறவு) என்ற எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். புதிதாக வந்தவர்களையும் மாநில அளவு வீரர்களையும் கலந்து எடுத்தால் ஆளுக்கு ஆள் வேறுபாடு பெருகி ஐசிசி தானாக உயரும். கருவி அப்படியேதான் இருக்கும்.

எப்போது இது பொருந்தாது? "பெரிய கேள்விக்குப் பதில் சொன்னேன்" என்ற திருப்தி உங்களுக்கு வேண்டுமானால். இதில் அது கிடைக்காது. ஆனால் உடற்திறன் சோதனை சார்ந்த வேலைக்குப் போக நினைப்பவருக்கு இதைவிட நல்ல அனுபவம் கிடையாது.

## நான்கு: கேள்வித்தாள்

எளிது என்று நினைத்து எடுக்கிறார்கள். இணைப்பை அனுப்புவது எளிதுதான். பதில் வருவதுதான் கடினம். 300 பேருக்கு அனுப்பி 40 பதில் வந்தால், பதில் சொல்லாத 260 பேர் எப்படிப்பட்டவர்கள் என்று உங்களுக்குத் தெரியாது. சலிப்பில் எல்லாவற்றுக்கும் நடு வட்டத்தையே குறித்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

சொந்தமாகக் கேள்விகள் எழுதாதீர்கள். ஏற்கெனவே சோதித்துப் பார்த்த கேள்வித்தாள்கள் ஊக்கம், போட்டிப் பதற்றம், உடல் இயக்கம் என ஒவ்வொன்றுக்கும் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்த உரிமையாளரின் அனுமதி தேவைப்படலாம். வேறு மொழிக்குக் கொண்டுவந்தால் முன்னும் பின்னும் மொழிபெயர்த்துச் சரிபார்க்க வேண்டும். அதுவே ஒரு மாத வேலை. கடந்த 7 நாளில் எவ்வளவு நேரம் உடற்பயிற்சி செய்தீர்கள் என்று கேட்டால், பலர் உண்மையைவிடக் கூட்டித்தான் சொல்வார்கள்.

யாரும் முன்கூட்டியே யோசிக்காத செலவு ஒன்று. உணவுப் பழக்கக் கோளாறு, மன அழுத்தம் பற்றிய கேள்வித்தாள் கொடுக்கிறீர்கள். ஒருவர் அபாய அளவில் மதிப்பெண் எடுக்கிறார். என்ன செய்வீர்கள்? பெயரில்லாமல் வாங்கியிருந்தால் யாரென்றே தெரியாது. பெயரோடு வாங்கியிருந்தால் கடமை உங்கள் தலையில். இதற்கு வழி எழுதாத விண்ணப்பத்தை நெறிமுறைக் குழு திருப்பி அனுப்பிவிடும், அனுப்பவும் வேண்டும்.

நிறைய பேரை எளிதில் எட்டக்கூடிய வசதி இருந்தால், உதாரணமாக ஒரு லீக்கில் உள்ள எல்லா அணிகளின் மேலாளர்களும் உங்களுக்குத் தெரிந்தவர்கள் என்றால், இதை எடுங்கள்.

## ஐந்து: நேர்காணல்

8 பேர், ஆளுக்கு ஒரு வருகை. புள்ளியியல் இல்லை. சொர்க்கம் போலத் தெரியும்.

ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க 5, 6 மணி நேரம் ஆகும். 8 பேர் என்றால் எழுத்தாக்கத்துக்கே ஒரு வாரத்துக்கு மேல். தானாக எழுதும் செயலியில் போட்டால் பேச்சுவழக்கையும் கலப்பு மொழியையும் அது கந்தலாக்கும். அதோடு பங்கேற்பாளரின் குரலை வெளி நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பச் சம்மதம் வாங்கினீர்களா என்ற கேள்வி வரும். உளவியலாளர்கள் பிரானும் கிளார்க்கும் 2006-இல் விளக்கிய கருப்பொருள் பகுப்பாய்வைத்தான் பெரும்பாலோர் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் எழுதுவது என்னவோ, கேட்ட கேள்விகளையே தலைப்புகளாக்கி அதன் கீழே மேற்கோள்களை அடுக்குவது. பதில்களுக்கு ஊடே ஓடுகிற அர்த்தத்தைப் பிடிப்பதுதான் பகுப்பாய்வு.

பெயரை மறைப்பதிலும் ஒரு நுணுக்கம். "பங்கேற்பாளர் 4, கோல்கீப்பர், முழங்கால் அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்" என்று எழுதினால், அந்த அணியை அறிந்த எவருக்கும் ஆள் யாரென்று தெரிந்துவிடும். விவரங்களை மங்கலாக்க வேண்டும்.

காயத்திலிருந்து திரும்பியவர், விளையாட்டை விட்டவர், நடுவர் போல எண்ணிக்கையில் குறைந்தவர்களின் அனுபவம் உங்கள் தலைப்பு என்றால் இதற்கு மாற்றே கிடையாது. எழுத வராது என்பவர்கள் தள்ளி நில்லுங்கள். இதில் எழுத்துதான் கருவி.

## ஆறு: பிறர் திரட்டிய தரவு

2020-இல் ஆய்வகங்கள் மூடப்பட்டபோது பலர் வேறு வழியில்லாமல் இந்தப் பக்கம் வந்தார்கள். வந்தபின்தான் இதன் வசதி தெரிந்தது. வருகைக் கணக்கு பூஜ்யம். கால்பந்துக்கு ஸ்டாட்ஸ்பாம் இலவசமாக வெளியிட்ட போட்டித் தரவுகளில் 2018 உலகக் கோப்பை முழுதும் இருக்கிறது. கிரிக்கெட்டுக்குக் கிரிக்‌ஷீட் தளத்தில் பந்துக்குப் பந்து விவரம் கிடைக்கிறது. பார்வையாளர் இல்லாமல் நடந்த அந்தக் காலத்துப் போட்டிகளே, சொந்த மைதான அனுகூலம் கூட்டத்தால் வருகிறதா என்று பார்க்க ஒரு சோதனைக்களமாக அமைந்தன.

பிறந்த மாதக் கேள்வியும் இந்த வகைக்கு நன்றாகப் பொருந்தும். வயதுப் பிரிவின் தொடக்க மாதங்களில் பிறந்தவர்கள் இளையோர் அணிகளில் அதிகம் இருப்பதை 1985-இல் கனடிய ஐஸ் ஹாக்கி வீரர்களை வைத்துக் காட்டினார்கள். அணிப் பட்டியலும் பிறந்த தேதியும் இருந்தால் கை-வர்க்கச் சோதனை (எண்ணிக்கைகள் எதிர்பார்த்ததிலிருந்து விலகுகின்றனவா என்று பார்க்கும் புள்ளியியல் சோதனை) போதும். ஒரு கவனம்: காலாண்டுக்கு 25 சதவீதம் என்று எடுத்துக்கொள்ளாமல், அந்த ஆண்டுகளில் அந்த நாட்டில் காலாண்டுவாரியாக உண்மையில் எத்தனை குழந்தைகள் பிறந்தன என்பதோடு ஒப்பிடுங்கள்.

மறைந்த செலவு தரவைச் சுத்தம் செய்வது. எக்செல் திணறும் அளவு வரிசைகள் இருக்கும். ஆர் அல்லது பைத்தான் என்ற நிரல்மொழி கொஞ்சமாவது தெரிய வேண்டும். அதைவிட நயமான குழி, ஒரே அணியின் 38 போட்டிகளை 38 தனித்தனி ஆட்கள் போல எண்ணிவிடுவது. இன்னொன்று, இருக்கிற தரவுக்கு ஏற்றாற்போல் கேள்வியை வெட்டுவது. கேள்வியை எழுதிவிட்டுத் தரவுக் கோப்பைத் திறந்தீர்களா, திறந்துவிட்டு எழுதினீர்களா என்பது உங்கள் மனசாட்சிக்குத் தெரியும்.

## ஏழு: முறையான இலக்கிய மீளாய்வு

அனுமதித் தொல்லை பெரும்பாலும் இல்லை, ஆட்களும் வேண்டாம். ஆனால் இதை "படித்து எழுதுவது" என்று நினைத்தால் தப்பு. மீளாய்வில் எதையெல்லாம் எழுத வேண்டும் என்று சொல்லும் பிரிஸ்மா 2020 நெறியில் 27 அம்சங்கள் இருக்கின்றன. பப்மெட், ஸ்போர்ட்-டிஸ்கஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தளங்கள் இரண்டிலும் ஒரே தேடல் சொற்களைப் போட்டு, இரட்டிப்புகளை நீக்கி, தலைப்புகளைச் சலித்து, ஏன் எதை ஒதுக்கினோம் என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு வைக்க வேண்டும். சலிக்கும் வேலையை இரண்டு பேர் தனித்தனியே செய்வதுதான் முறை. அந்த இரண்டாவது ஆளை எங்கே பிடிப்பது? தொடங்கும் முன் உங்கள் துறை இதை ஆய்வேடாக ஏற்கிறதா என்று கேளுங்கள். சில இடங்களில் சொந்தத் தரவு கட்டாயம்.

வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர், குடும்பப் பொறுப்பு உள்ளவர், இரவு 11 மணிக்கு மேல்தான் நேரம் கிடைப்பவர்: உங்களுக்கு இது.

## ஒரே பார்வையில்

| முறை | வருகைக் கணக்கு | எதிர்பாராத செலவு | உடைந்தால் மிஞ்சுவது |
|---|---|---|---|
| பயிற்சி, முன்-பின் | 20 பேர்: 220 | இடையில் விலகுவோர் | முன் அளவுகள் மட்டும் |
| ஒரே ஆள், இரண்டு நிலை | 15 பேர்: 45 | மறைப்பு, இடைவெளி | குறைந்த பேரோடும் எழுதலாம் |
| நம்பகத்தன்மை | 20 பேர்: 40 | சரியான புள்ளியியல் | ஏறக்குறைய எல்லாம் |
| கேள்வித்தாள் | இணைப்பு மட்டும் | உரிமை, மொழிபெயர்ப்பு | வந்த பதில்கள் |
| நேர்காணல் | 8 பேர்: 8 | எழுத்தாக்கம் | 5 பேரோடும் நிற்கும் |
| பிறர் தரவு | 0 | சுத்தம் செய்தல் | எல்லாம் |
| மீளாய்வு | 0 | இரண்டாவது ஆள் | கேள்வியைச் சுருக்கலாம் |

## இத்தனைக்குப் பிறகும் பயிற்சி ஆய்வுதான் என்பவர்களுக்கு

அந்தப் பிடிவாதம் எனக்குப் புரியும். ஒன்று மட்டும் செய்யுங்கள். பயிற்சி தொடங்குவதற்கு முன்பே, எல்லோரையும் ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை அளந்துவிடுங்கள். முதல் அளவு பழகும் நாளாகவும் ஆகும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து உங்கள் சோதனையின் தடுமாற்றம் எவ்வளவு என்று தெரியும். பயிற்சியால் வந்த மாற்றம் அதைத் தாண்டியதா என்று பிறகு ஆளுக்கு ஆள் சொல்லலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, நடுவில் பாதிப் பேர் கழன்றுகொண்டாலும் முழுமையான ஒரு நம்பகத்தன்மை ஆய்வு உங்கள் கையில் இருக்கும். இந்த அளவுகளைத் தனியாகவும் பகுப்பாய்வு செய்வோம் என்று சம்மதப் படிவத்திலும் விண்ணப்பத்திலும் முதலிலேயே எழுதிவிடுங்கள்; பிறகு சேர்ப்பதற்குத் திருத்தம் போட்டுக் காத்திருக்க வேண்டும்.

என் 20 பேரும் முதல் வாரம் வந்தார்கள், அளந்தேன். அடுத்த வாரமும் அதே 20 பேர் அதே மைதானத்தில்தான் நின்றார்கள். போனும் டேப்பும் பையில் இருந்தன. நான் நேராகப் பயிற்சியைத் தொடங்கிவிட்டேன்.